தோடுண்டோ?

எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு மேலே தண்ணீர் தேங்க ஆரம்பித்தபோது முதலில் யாரும் பயப்படவில்லை. ஆடி மழையில் மலை முழுவதும் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். ஓடுகிற தண்ணீருக்குச் சத்தம் உண்டு. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓடை என்பதால் மழைக்காலத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் கத்தித்தான் பேசுவோம். அன்று காலையில் கண் விழித்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது, ஆனால் ஓடைச் சத்தம் இல்லை.

நனைந்துகொண்டே மேலே ஏறிப் போய்ப் பார்த்தேன். புது ரோட்டுக்கு அந்தப் பக்கம், இரண்டு மலைகளுக்கு நடுவில், செம்மண் நிறத்தில் ஒரு குளம் கிடந்தது. போன வாரம் அங்கே ஏலச்செடிகள் நின்றன. இப்போது தோகையின் நுனிகூடத் தெரியவில்லை. ரோடு போடுவதற்காகக் கொட்டிய மண்கரைதான் அவ்வளவு தண்ணீரையும் தடுத்துக்கொண்டிருந்தது. கரைக்கு இந்தப் பக்கம், நேர் கீழே, எங்கள் ஆறு வீட்டு லைன். கடைசி வீட்டில் என் தம்பி பெரியமுத்துவும் அவன் பெண்டாட்டி குருவம்மாளும் நாலு மாதக் கைக்குழந்தையும் இருந்தார்கள். அதற்கு அடுத்த வீடு என்னுடையது.

அந்தக் கரையில் பாதி மண் என் தம்பி கொட்டியது. எஸ்டேட்டில் வேலை குறைந்திருந்த சமயம், ரோட்டு வேலையில் கூலி கூட என்று போய்ச் சேர்ந்திருந்தான். வண்டன்மேட்டுக்கு லாரி சீக்கிரம் போக வேண்டும், ஏலக்காய் மூட்டை சீக்கிரம் ஏலத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அவசரம் அவசரமாக வெட்டிய ரோடு அது. ஓடை குறுக்கிடும் இடத்திலெல்லாம் ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகக் கலுங்கு கட்டினார்கள். எங்கள் ஓடைக்கு மட்டும் கட்டவில்லை. கேட்டதற்கு, "பிளான்ல இல்லைங்காக அக்கா" என்றான். பிளான் போட்டவனுக்குக் கண் இல்லையா என்று நான் திட்டினேன். நான் திட்டுவது எங்கள் லைனில் புதிது இல்லை என்பதால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஓடை அப்போது காய்ந்து கிடந்தது, அது வேறு விஷயம். மாசியில் வந்து பார்க்கிறவனுக்கு அது வெறும் கல்லும் சருகும் கிடக்கிற பள்ளம்.

மாசியில்தான் கணக்கெடுக்க வந்தார்கள். ரோடு வந்தால் யாருக்கு என்ன நஷ்டம், எந்த வீடு போகும், எத்தனை மரம் போகும், கிணறு உண்டா, ஓடை உண்டா என்று ஒவ்வொரு லைனாகக் கேட்டு எழுதினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் வந்த காலம் அவசரநிலைக் காலம். சர்க்கார் ஆள் காகிதத்தோடு வந்தாலே எங்களுக்குக் குலை நடுங்கும். பிள்ளைகளை எண்ணுகிறார்கள், எண்ணி முடித்து ஆண்களை ஆபரேஷனுக்குப் பிடித்துப் போவார்கள் என்று ஒரு பேச்சு. பவுனை எழுதுகிறார்கள், பிறகு வந்து வாங்கிக்கொண்டு போவார்கள் என்று இன்னொரு பேச்சு. லைனில் எல்லோரும் கூடி ஒரே முடிவு எடுத்தார்கள்: எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல வேண்டியது. பிள்ளைகளைக் காட்டுக்குள் விரட்டிவிட்டார்கள். பக்கத்து லைனில் ஒருத்தி கோழியை அண்டாவுக்குள் போட்டு மூடினாள். அது உள்ளே இருந்து கொக்கரித்து மானத்தை வாங்கியது.

எங்கள் லைனுக்கு அவர்கள் வந்த அன்று நாங்கள் எல்லோரும் மேல்மலையில் களையெடுக்கப் போயிருந்தோம். நிறைமாதமாக இருந்த குருவம்மாள் மட்டும் வீட்டில் இருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். மலை கேரளத்தில் இருந்தாலும் லைனுக்குள் எல்லோரும் தமிழ், கங்காணி தமிழ், அரிசிக் கடைக்காரனும் தமிழ். மலையாளம் அவள் காதில் விழுந்ததே அபூர்வம். நான் திரும்பி வந்தபோது, "எல்லாத்துக்கும் இல்லைன்னே சொல்லிட்டேன் மதினி" என்று பெருமையாகச் சொன்னாள். கெட்டிக்காரி என்று நானும் சொன்னேன்.

இப்போது அந்தக் கரையின் மேல் நின்றுகொண்டு பத்ரோஸ் சாரை எதிர்பார்த்தோம். அவர்தான் ரோட்டு வேலைக்கு ஓவர்சியர். லைனில் இருந்த எல்லோரும் வந்துவிட்டோம். கரையின் நடுவில் விரல் போகிற அளவுக்கு வெடிப்பு. கீழே, என் தம்பி வீட்டுக்குப் பின்னால், மண்ணிலிருந்து சேற்றுத் தண்ணீர் ஊறி வந்தது. ஜீப் வந்து நின்றதும் பெரியமுத்து ஓடினான்.

"சார், கரை வெடிச்சிருச்சு சார். கீழ கசியுது. ஒரு ஓரமா வெட்டித் தண்ணிய வடிச்சு விட்டுருவோம்."

"வெட்டானோ?" பத்ரோஸ் சார் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அடுத்த வாரம் மந்திரி வருந்ந ரோடு இது. எஞ்சினீயர் சொல்லாம ஒரு பிடி மண்ணை நான் தொட்டா என்னை உள்ள போடுவாங்க. மழை நின்னா தன்னால தாழும்."

"ஓடைத் தண்ணி எப்படிச் சார் தாழும்?" என்று நான் கேட்டேன்.

"ஓடையா? இவிடெ தோடில்லா. மழைத் தண்ணி தேங்கினதாக்கும் இது."

"இருவது வருசமா இந்த ஓடையிலதான் சார் பாத்திரம் கழுவுதோம். இல்லைன்னு எவன் சொன்னான் ஒங்களுக்கு?"

அவருக்கும் கோபம் வந்துவிட்டது. எங்களோடு பாதி தமிழில் பேசுகிற மனிதர், கோபம் வந்தாலும் கவர்மெண்டுக் காகிதம் கையில் இருந்தாலும் சுத்த மலையாளத்துக்குப் போய்விடுவார். "இவிடெ தோடுண்டோ எந்நு ஞான் நேரிட்டு வந்நு சோதிச்சதாணு. தோடில்லா எந்நு ஈ லயத்திலெ பெண்ணு தன்னெ பறஞ்ஞு" என்றார். மாசியில் வந்து கேட்டு எழுதியவர் அவர்தான். சொல்லிக்கொண்டே கூட்டத்தைப் பார்த்தவர் குருவம்மாளைக் கண்டுவிட்டார். "தே, இவள்!"

குருவம்மாள் குழந்தையைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்து நின்றிருந்தாள். அவள் கை தன்னையறியாமல் காதுக்குப் போனது.

"மதினி" என்றாள் என்னிடம். "தோடுன்னா என்ன?"

"ஓடைதான்ட்டி. மலையாளத்துல ஓடையத் தோடும்பாக."

அவள் காதிலிருந்து கையை எடுத்தாள். "நான் காதுத் தோட்டக் கேக்காருன்னுல்ல நெனச்சேன். பவுனை எழுதிட்டுப் போவாகன்னு சொன்னீகளே. அதான் கழட்டிப் பானைக்குள்ள போட்டு, முந்தானையால காத மூடிக்கிட்டு, தோடு கீடு ஒண்ணும் இல்ல சார்னு..."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், சிரிப்புதான் வந்தது. அடுத்த மூச்சில் அந்தக் குளத்தைப் பார்த்தேன். ஒரு ஜதை காதுத் தோட்டுக்குப் பயந்து ஒரு ஓடையே இல்லாமல் போய்விட்டது.

என் கோபமெல்லாம் பத்ரோஸ் சார் மேல் திரும்பியது. "ஏன் சார், ஓடை உண்டான்னு கேட்டா ஒரு பொம்பள எதுக்குக் காதைப் பொத்துதான்னு யோசிக்க மாட்டீகளா? நாலு எட்டு மேல ஏறிப் பாத்திருக்கக் கூடாதா? பலாமரத்தை எண்ணத் தெரிஞ்சுது, ஓடையப் பாக்கத் தெரியலயோ?"

அவள் அன்று முந்தானையால் காதை மூடிக்கொண்டது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "என்டெ கர்த்தாவே" என்று முணுமுணுத்துக்கொண்டு வெடிப்பைக் குனிந்து பார்த்தார்.

"நான் எஞ்சினீயருக்குப் போன் பண்ணப் போறேன்" என்றார் பெரியமுத்துவைப் பார்க்காமல். "வர நேரமாகும். அதுவரைக்கும் இங்க என்ன நடந்தாலும் நான் கண்டதில்லை."

ஜீப் போய்விட்டது. ஆண்கள் மண்வெட்டிகளை எடுத்தார்கள்.

எங்கே வெட்டுவது என்பதுதான் பிரச்சினை. நடுவில் வெட்டினால் தண்ணீர் நேராக எங்கள் லைனுக்குள் வரும். கிழக்குப் பக்கம் பாறை. மீதி இருந்தது மேற்கு ஓரம். அங்கே வெட்டினால் தண்ணீர் எங்களை விட்டு விலகி மரவள்ளிக் கப்பைத் தோட்டத்தின் வழியாகக் கீழே போய்விடும். கப்பைத் தோட்டத்தின் நடுவில் ஏலிச் சேடத்தியின் வீடு இருந்தது.

ஏலிச் சேடத்தி பாலா ஊர்ப் பக்கத்திலிருந்து குடியேறி வந்த மலையாளத்துக்காரி. புருஷன் செத்துத் தனியாக ஒரு மாட்டை வைத்துக்கொண்டு கப்பை போட்டுப் பிழைத்தாள். எனக்கும் அவளுக்கும் ஆகாது. எங்கள் ஆடு அவள் தோட்டத்துக்குள் போனால் கல்லெடுத்து எறிவாள், நான் இங்கிருந்து தமிழில் ஏசுவேன், அவள் அங்கிருந்து மலையாளத்தில் ஏசுவாள். மேற்கு ஓரம் என்று யாரோ சொன்னதும் எல்லோரும் அந்தக் கூரையைத்தான் பார்த்தோம். ஆறு வீடா, ஒரு வீடா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் கணக்கை எல்லோரும் போட்டுவிட்டோம். மாசியில் வந்தவர்களாவது எங்களிடம் வந்து கேட்டார்கள். நாங்கள் அவளை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

"மொதல்ல அந்தம்மாவ வெளிய கூட்டியாந்துருவோம்" என்றான் பெரியமுத்து. "அதுக்கப்புறம் வெட்டுவோம்."

"நான் போறேன்" என்றாள் குருவம்மாள்.

"ஒனக்கு வழி சறுக்கும்டி, நான் போறேன்" என்று நான் சொன்னேன்.

"நான்தான மதினி இல்லைன்னு சொன்னேன்." குழந்தையை என் கையில் திணித்துவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் சரிவில் இறங்கிவிட்டாள். நான் போயிருக்க வேண்டும். எனக்கு மலையாளம் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் பாஷையைப் பற்றி யார் நினைத்தார்கள்? ஒருத்தியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வர என்ன பாஷை வேண்டும்?

அவள் பாதி வழி போயிருப்பாள். நடுக்கரையில் வெடிப்புக்குப் பக்கத்தில் ஒரு வண்டி அளவு மண் சரிந்து லைன் பக்கம் விழுந்தது. பெண்கள் அலறினார்கள். லைன் வீட்டுக் கூரைகள் கண்ணுக்கு நேராகத் தெரிந்தன. மேற்கு ஓரத்தில் ஒரு மண்வெட்டி விழுகிற சத்தம் கேட்டது. அடுத்தது விழுந்தது. பிறகு எல்லா மண்வெட்டிகளும் விழுந்தன. முதல் வெட்டு யார் வெட்டியது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. நான் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வாய் திறந்தால் ஊரே கேட்கும் என்று பேர் வாங்கியவள் நான், அப்போது என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

முதலில் ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர் வடிந்தது. அவ்வளவுதான், மெல்ல வடிந்துவிடும் என்று நினைத்தோம். பிறகு தண்ணீர் தானே வெட்ட ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் மண் கரைந்து விழுந்தது. ஆண்கள் மண்வெட்டிகளைப் போட்டுவிட்டுப் பின்னால் தாவினார்கள்.

கீழே குருவம்மாள் அந்த வீட்டு முற்றத்தை அடைந்துவிட்டாள். ஏலிச் சேடத்தி வாசலுக்கு வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. குருவம்மாளுக்கு மூச்சு வாங்கியது. வாயைப் பிளந்துகொண்டு, ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் மேலே காட்டிக் கத்தினாள். காற்று எங்கள் பக்கம் அடித்ததால் அவள் குரல் அறுந்து அறுந்து வந்தது.

"வெள்ளம்! வெள்ளம்!"

சங்கரன்கோவிலில் வெள்ளம் என்றால் குளம் உடைந்து வருவது. மலையாளத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். ஓடி வந்து மூச்சு வாங்க வாசலில் நிற்கிற ஒரு பெண், நெஞ்சில் கைவைத்து வெள்ளம் வெள்ளம் என்று கேட்கிறாள்.

"வெள்ளப்பொக்கம்!" என்று நான் இங்கிருந்து கத்தினேன். "சேடத்தீ! வெள்ளப்பொக்கம்! ஓடிக்கோ!" மழையும் கரை இடிகிற சத்தமும் என் குரலை விழுங்கிவிட்டன.

ஏலிச் சேடத்தி இப்படி உட்கார் என்று கையைக் காட்டினாள். என்னமோ சொன்னாள். பிறகு திரும்பி வீட்டுக்குள் போனாள்.

கரை போய்விட்டது.

குருவம்மாள் பிழைத்தது முற்றத்து ஓரத்தில் இருந்த பாறையால். தண்ணீர் வருவதைக் கண்டதும் அதன்மேல் ஏறிவிட்டாள். மாட்டுக் கொட்டகை, வீடு, கப்பைத் தோட்டம் எல்லாம் அவள் கண்ணெதிரில் போயின. ஏலிச் சேடத்தியை மறுநாள் கீழே ஏலக்காட்டுக்குள் கண்டெடுத்தார்கள். எங்கள் லைனில் ஒரு சட்டிகூட உடையவில்லை.

மறுபடியும் கணக்கெடுக்க ஆள் வந்தது. இந்த முறை ஞாபகமாகத் தமிழ் தெரிந்தவரைக் கூட்டிவந்தார்கள். கனமழையால் கரை உடைந்தது என்று எழுதிக்கொண்டார்கள். நாங்களும் ஆமாம் என்றோம். பத்ரோஸ் சாரை எங்கேயோ மாற்றிவிட்டார்கள். இரண்டு ஆள் நிமிர்ந்து நடக்கிற அளவுக்கு அங்கே ஒரு கலுங்கு கட்டினார்கள். ஒரு மழைக்கு முன்னால் கட்டியிருக்க வேண்டியது.

குருவம்மாளுக்குப் பத்து நாள் காய்ச்சல். காய்ச்சல் விட்ட அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"மதினி, நான் வெள்ளம் வெள்ளம்னு கத்துனேனே. நல்லா கேட்டாக. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டேதான் நின்னாக. கேட்டுட்டு எதுக்கு உள்ள போனாக?"

நான் அடுப்பை ஊதுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"'தராம், தராம்'னு என்னமோ சொன்னாக மதினி. என்னத்தத் தாரேன்னாக?"

"தராம் இல்லட்டி, வராம்" என்றேன். "வாரேன்னு அர்த்தம். மாட்ட அவுத்து விட்டுட்டு வாரேன்னு சொல்லிருப்பா. அவளுக்கு அந்த மாடுன்னா உசிரு."

அவள் நம்பினாள். மாட்டுக்காக ஒரு உயிர் போய்விட்டதே என்று அழுதாள். ஓடை இல்லை என்று சொன்ன பாரத்தையே அவளால் தூக்க முடியவில்லை, ராத்திரியில் தோடு தோடு என்று பிதற்றினாள். இதையும் சேர்த்து வைத்தால் அந்தப் பெண் எதிலாவது போய் விழுந்துவிடுவாள் என்று எனக்குப் பயம். லைன் முழுக்கச் சொல்லிவைத்தேன்: கேட்டால் மாட்டை அவிழ்க்கப் போனாள் என்றுதான் சொல்ல வேண்டும். பெரியமுத்துவும் தலையாட்டினான்.

அன்றிலிருந்து எனக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. யார் எப்போது அவள் முன்னால் அந்தச் சொல்லைச் சொல்வார்களோ என்று. மலையாளத்தில் அதைவிடச் சாதாரணமான சொல் ஒன்று உண்டா? வீட்டு வாசலில் வந்து நிற்கிற யாரும் முதலில் கேட்பது அதைத்தான். ஆஸ்பத்திரிக்கு நான்தான் அவள் கூடப் போனேன். சந்தைக்கு அவளை விடவில்லை. மலையாளத்தார் யாராவது லைன் பக்கம் வந்தால் நான் முந்திக்கொண்டு போய் நின்றேன். மதினிக்கு என்மேல் எவ்வளவு பிரியம் என்று அவள் மற்றவர்களிடம் சொன்னாளாம். மழை நின்றது, பனி வந்தது, எனக்கு அந்தப் பயம் மட்டும் விடவில்லை.

தை மாதம் ரோட்டைத் திறந்தார்கள். பஸ் விட்டார்கள். எங்கள் லைனுக்கு மேலே ஏற்றம், வண்டிகள் முக்கி முனகிக்கொண்டு ஏறும். அன்று ஒரு பஸ் கலுங்குக்குப் பக்கத்தில் புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. நான் ஏலக்காய்ச் சாக்கைத் தட்டிக்கொண்டிருந்தேன். குருவம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடியில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள். காக்கிச் சட்டை போட்ட கிளீனர் ஒருவன் கையில் தகர டின்னோடு ரோட்டிலிருந்து ஓடி இறங்கி வந்தான். நான் சாக்கைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினேன்.

"சேச்சீ!" என்று அவன் தூரத்திலிருந்தே மூச்சு வாங்கக் கத்தினான். "வெள்ளம்! வெள்ளம்!"

குருவம்மாள் அலறிக்கொண்டு குழந்தையை இறுக்கி அணைத்தாள். குடம் உருண்டது. ஓட ஒரு காலை எடுத்து வைத்து, மலையை அண்ணாந்து பார்த்தாள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவன் ஒன்றும் புரியாமல் நின்றான். பிறகு டின்னைத் தூக்கிக் காட்டி, குழாயைக் காட்டி, மேலே நிற்கிற பஸ்ஸைக் காட்டிச் சிரித்தான். "இச்சிரி வெள்ளம் தருமோ சேச்சீ?"

அவள் டின்னைப் பார்த்தாள். குழாயில் விழுகிற தண்ணீரைப் பார்த்தாள். நான் கிட்டே போய்ச் சேருவதற்குள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.